மணல் மூட்டைக்குப் பதிலாக நான்

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் அக்காவைக் கட்டிக்கொண்டு இன்றுவரை உயிரோடிருக்கும் அத்தான் எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும், தங்கள் அக்காவும், என் பெண்ணும் சுகம். அவ்விடம் தாங்களும், தங்கள் வீட்டம்மாவும், பிள்ளைகளும், தங்கள் வலது முழங்காலும் சுகமா என்று கேட்டு எழுதச் சொன்னாள் தங்கள் அக்கா. கேட்டுவிட்டேன். தங்களோடு இனிப் பேசுவதில்லை என்ற என் முடிவில் எள்ளளவும் மாற்றமில்லை. எழுதுவது பேசுவதாகாது என்று தங்கள் அக்காவே தீர்ப்புச் சொல்லிவிட்டதால்தான் பேனாவை எடுத்தேன்.

ஏன் பேசுவதில்லை என்று தாங்கள் மறந்திருக்கலாம், புண்பட்டவனுக்கு மறக்காது. கடைசியாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தீர்கள். என் பெண், படகுத்துறை டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சாதுப்பெண், "மாமா, புதுசா வந்திருக்கிற ஆஸ்பத்திரிப் படகை ஓட்ட மனு போட்டிருக்கேன்" என்று ஆசையாகச் சொன்னாள். ஆயுசில் பாதியை பஸ் ஸ்டியரிங்கோடு கழித்த பெரிய மனிதர், நாலு நல்ல வார்த்தை சொல்வீர்கள் என்று பார்த்தால், எச்சில் கையைக் கூடக் கழுவாமல், "வண்டி ஓட்டுற கை நம்ம குடும்பத்துல என்னோட சரி. கண்டக்டர் பொண்ணுக்கு விசில்தானே வரும்?" என்று திருவாய் மலர்ந்தீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். தங்கள் அக்கா சிரித்தாள். என் பெண்ணே சிரித்தாள். தாங்கள் ஓட்டிய அதே பஸ்ஸில் அத்தனை வருஷம் டிக்கெட் கிழித்தவன் நான். தாங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டினீர்கள்; நான் ஒன்றையும் பிடிக்காமல், இரண்டு கையிலும் வேலை வைத்துக்கொண்டு, ஆடுகிற வண்டியில் ஆடாமல் நின்றேன். இதில் எது பெரிய வித்தை என்று அன்றைக்கே கேட்டிருப்பேன், வாயில் சோறு இருந்தது. இப்போது வாய் காலி, ஆகவே கடிதம் நீளும். பெண் தேறினாளா இல்லையா என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காதீர்கள். தாங்கள் எதையும் கடைசியிலிருந்து படிக்கிறவர் என்று எனக்குத் தெரியும்.

முதலில் அந்தப் படகு என்ன வகை என்று தங்களுக்குப் புரிய வேண்டும். எங்கள் ஏரிக்கு அக்கரையில் இருக்கிற ஊர்களுக்குச் சாலை வழியாகப் போனால் மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அதற்குள் நோயாளி குணமாகிவிடுவார் அல்லது வேறு மாதிரி ஆகிவிடுவார். அதனால் டாக்டர் படகில்தான் போவார். பழைய படகு ஆற அமரப் போகும், அதுவும் குலுக்கிக்கொண்டே போகும். ஒரு நாள் அக்கரையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆபத்து. படகில் கூட்டிவரும்போது டாக்டரம்மாவால் ஊசி போட முடியவில்லையாம், அந்தக் குலுக்கலில் கை நிற்கவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தது அவர்கள் அதிர்ஷ்டம். அந்தப் படகு வந்து சேர்ந்ததை என் பெண் கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாளாம், வரிசையில் நின்றவர்கள் கத்துகிற வரைக்கும் டிக்கெட் கொடுக்கவில்லையாம். புதுப் படகு வந்ததும் முதல் ஆளாக மனு போட்டது அவள்தான். இதையெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னைத் திட்டும்போது சொல்லித் தெரிந்தது.

புதுப் படகைப் பார்த்தால் யாரோ படகு செய்வதைப் பாதியில் நிறுத்திவிட்டு, மிச்சமிருந்த பணத்துக்கெல்லாம் என்ஜின் வாங்கிவிட்டார்கள் என்று தோன்றும். ஒல்லியான உடம்பு, பின்னால் ஒரு பூதம். முன்னால் இரண்டு இருக்கை, வலதுபக்கம் ஓட்டுகிறவருக்கு, இடதுபக்கம் டாக்டருக்கு. பின்னால் ஒரு நோயாளி படுக்க நீளப் பலகை. முழு வேகம் போனால் படகு மொத்தமும் தண்ணீரை விட்டு எழுந்துவிடும். அடியில் பின்பக்கம் ஓர் உள்ளங்கை அகலம்தான் தண்ணீரைத் தொடும். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு ஓடுகிற மாதிரி. அப்போதுதான் ஆட்டம் ஆரம்பிக்கும். இடது பக்கம் சாயும், உடனே வலது பக்கம், அப்புறம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இடது பக்கம். ஓட்டுகிறவர் பதறிப் பதறி ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஆட்டம் கூடுமே தவிரக் குறையாது. அதைக் கேட்டதும் எனக்குத் தங்கள் ஞாபகம்தான் வந்தது.

துறையில் படகுகளுக்கெல்லாம் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார், பயிற்சி கொடுப்பவரும் அவரே. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார் என்பதால் 'நங்கூரம்' என்று பெயர். அவர் நாற்காலியில் இருந்தபடியே என் பெண்ணுக்குப் பாடம் சொன்னார். "ஆட ஆரம்பிச்ச அப்புறம் திருப்பினேன்னா, நீ ஆட்டத்தைத் துரத்துறே, ஆட்டம் உன்னைத் துரத்துது. அது சாயறதுக்கு முன்னாடி நூலளவு திருப்பணும், உடனே விட்டுடணும். பதறிப்போய் வேகத்தைச் சட்டுனு குறைச்சிடாதே, மூக்கு தண்ணில குத்திக்கும். எந்த வேகத்துல ஆட ஆரம்பிக்குதோ, அந்த வேகத்துலயே கை பழகற வரைக்கும் ஓட்டு. பழகினதும் ஒரு சிட்டிகை கூட்டு."

"சாயப் போறது எப்படிண்ணே தெரியும்?" என்று கேட்டாள்.

"கண்ணுக்குத் தெரியாது. உட்கார்ற இடத்துல தெரியும்."

நான் குறுக்கிட்டு, "உட்கார்ற இடத்திலயா?" என்றேன்.

"ஆமாங்க, அங்கதான்" என்றார். அவர் அந்த இடத்தை நம்பியே வாழ்கிறவர், சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

தேர்வு ஒன்றே ஒன்றுதான். டாக்டரம்மா இடது இருக்கையில் உட்காருவார். துறையிலிருந்து சிவப்பு மிதவை வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும், முழு வேகத்தில். அந்த வேகத்திலேயே அவர் மருந்துக் குப்பியிலிருந்து ஊசியில் மருந்தை இழுத்து, சரியான கோட்டில் நிறுத்த வேண்டும். ஊசி குப்பியை விட்டு விலகினாலோ, கோடு தப்பினாலோ, வெளியூரில் தயாராக நிற்கிற ஒரு அனுபவஸ்தருக்குப் படகு போய்விடும், என் பெண் மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் ஓட்டை போட்ட கண்ணாடியுமாக இருக்கிற பழைய கூண்டுக்கே போக வேண்டும். டாக்டரம்மா கறாரானவர். "கையில ஊசியோட உட்கார்ந்திருப்பேன். நீ ஆட்டினா, நான் எனக்கே போட்டுக்குவேன்" என்றாராம்.

இனி என் பங்கு. பயிற்சி ஆரம்பித்த முதல் நாள், மகளை வழியனுப்பத் துறைக்குப் போனேன். நங்கூரத்தின் ஆட்கள் இரண்டு பேர் ஒரு மணல் மூட்டையைத் தூக்கிவந்து இடது இருக்கையில் வைத்து பெல்ட் மாட்டினார்கள். என்ன இது என்றேன். இரண்டு பேர் எடைக்குத் தக்கபடி கட்டிய படகு, ஓட்டுகிறவர் தனியாகப் போகக்கூடாது, டாக்டர் எடைக்கு இது என்றார்கள். எனக்கு வந்ததே கோபம்! பெற்ற அப்பன் குத்துக்கல்லாட்டம் கரையில் நிற்க, என் பெண் பக்கத்தில் மணல் மூட்டையா? "இறக்குய்யா அதை" என்றேன். நங்கூரம் என்னைத் தலை முதல் கால் வரை அளந்து, "எடை கொஞ்சம் கூடுதலா இருக்கும்" என்றார். "அனுபவமும் கூடுதலா இருக்கும்" என்றேன். என் பெண், "அப்பா, வேண்டாம்ப்பா" என்றாள். அதற்குள் நான் மூட்டையின் பெல்ட்டை அவிழ்த்துவிட்டேன். பஸ்ஸோ படகோ, வண்டி என்றால் ஒரு கண்டக்டர் வேண்டும். இது உங்களுக்குத் தெரியாததல்ல.

முதல் நாளே ஒரு சிறு தவறு நடந்துவிட்டது. அதை உங்களுக்கு எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் உங்கள் அக்கா எப்படியும் போனில் சொல்லிச் சிரித்திருப்பாள். ஓட்டுகிறவரின் சட்டை மார்பிலிருந்து படகின் சுவிட்சுக்கு ஒரு சிவப்புக் கயிறு மாட்டியிருப்பார்கள். அவர் தவறித் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு என்ஜின் தானாக நின்றுவிடும், அதற்காக. இது எனக்கு யாரும் சொல்லவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், வண்டிக்குள்ளே கை எட்டும் இடத்தில் ஒரு கயிறு. படகு நல்ல ஓட்டத்தில் போகிறது, கரையில் ஒருவர் கை காட்டுகிறார். கை காட்டினால் நிறுத்துவது நம் கடமையா இல்லையா? அத்தனை வருஷம் பஸ் கூரையில் மணிக்கயிற்றை இழுத்த கை சும்மா இருக்குமா? 'நிறுத்து' என்று ஒரே ஒரு இழுப்பு. என்ஜின் செத்தது. மூக்கு தண்ணீரில் இறங்கியது. பின்னாலே எங்கள் அலையே எங்களைத் தேடிவந்து, உள்ளே ஏறி, என் மடியில் உட்கார்ந்தது. இடுப்பளவு ஈரத்தில் நானும் என் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "அப்பா, இது பஸ் இல்லப்பா" என்றாள். கரையிலிருந்தவர் கை காட்டவில்லையாம், துணி உதறிக்கொண்டிருந்தாராம். வேளை கெட்ட வேளையில் ஏன் துணி உதறுகிறார்கள் என்று கேட்க ஆளில்லை.

கயிற்றைத் தொடக்கூடாது என்று உத்தரவாயிற்று. சரி, கயிறு இல்லாவிட்டால் நமக்கு விசில் இல்லையா? மறுநாள் பெட்டியைக் குடைந்து, ஓய்வு பெற்ற அன்றைக்குத் துடைத்து வைத்த என் விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். ஆள் ஏறியாயிற்று என்பதற்கு இரண்டு, வேகம் போதும் என்பதற்கு ஒன்று, வளைவில் எச்சரிக்கைக்கு விட்டு விட்டுப் பல. என்ஜின் சத்தத்தில் என் பெண்ணுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஏரி முழுவதும் கேட்டிருக்கிறது. தண்ணீர்மேல் விசில் ஊதினால் 'காப்பாற்றுங்கள்' என்று அர்த்தமாம். மீட்புக்குழு ஒன்று ஆரஞ்சு நிறப் படகில் பறந்துவந்து, என்மேல் கயிறு வீசி, நான் வேண்டாம் வேண்டாம் என்கிறபோதே போர்வையைச் சுற்றி, "பயப்படாதீங்க பெரியவரே, கரைக்கு வந்துட்டோம்" என்று முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். நங்கூரம் நாற்காலியை விட்டு எழுந்து நடந்து வந்ததை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது. விசிலை வாங்கிக்கொண்டுபோய்த் தன் அறை ஆணியில் மாட்டிவிட்டார். ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஊழியனின் விசிலைப் பறிமுதல் செய்ய இவருக்கு என்ன அதிகாரம் என்று சங்கத்துக்கு எழுதலாம் என்றிருந்தேன். பெண்ணின் வேலை கெட்டுவிடக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கயிறும் போய், விசிலும் போய், கடைசியில் என் உடம்பு ஒன்றுதான் மிஞ்சியது. அதுதான் படகைக் காப்பாற்றியது. எப்படி என்றால், ஆட்டம் ஆரம்பித்ததும் நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வளைவு வருமுன்னே உடம்பு தானாகச் சாய்ந்து கொடுக்கும் வித்தை என்னிடம் இருக்கிறதே! படகு வலது பக்கம் சாயப் போகிறது என்று தோன்றினால் நான் இடது பக்கம் சாய்வேன். இடது என்றால் வலது. பெண்ணுக்குத் தெரியாமல், சத்தமில்லாமல், ஒரு தகப்பன் செய்யக்கூடிய உதவி. ஆனாலும் படகு ஆடியது. நான் எவ்வளவுக்கு எவ்வளவு சாய்ந்தேனோ, அவ்வளவுக்கு அவ்வளவு ஆடியது. அந்தப் படகு அப்படிப்பட்ட முரடு.

முதல் சில வாரங்கள் என் பெண் கரைக்கு வரும்போது கண்ணெல்லாம் சிவந்திருக்கும். கை வலி என்று சாப்பாட்டைக்கூட இடது கையால் தொடப் போவாள், அம்மா அதட்டுவாள். ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "உள்ளே இடம் இருக்கு, முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்றேன். வாய்க்கு வந்தது அதுதான். உள்ளே அழுகை நின்று சிரிப்பு கேட்டது. நங்கூரம் என்ஜினை இறக்கிப் பார்த்தார், ஏற்றிப் பார்த்தார், தண்ணீரைத் தள்ளுகிற சுழலியை மாற்றினார், ஸ்டியரிங்கில் ஒரு மயிரிழை தளர்ச்சி இருந்தால்கூட ஆடும் என்று அதையும் இறுக்கினார். ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்து, "பெரியவரே, நீங்க ஒரு ரவுண்டு மட்டும் எறங்கி நில்லுங்களேன். மூட்டையை வெச்சுப் பார்த்துட்டு வரட்டும்" என்றார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! "கண்டக்டரை எறக்கிவிட்டுட்டு வண்டி எடுக்கிற வழக்கம் எங்ககிட்ட கிடையாது" என்று பெல்ட்டை இன்னும் ஒரு துளை இறுக்கிக்கொண்டேன். அவர் என் பெண்ணைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள், ஏரியைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம், "விடுங்கண்ணே. அப்பாவே இருக்கட்டும்" என்றாள். என் கண் நிறைந்துவிட்டது, மாப்பிள்ளை. பெற்றால் இப்படி ஒரு பெண்ணைப் பெற வேண்டும்.

அன்றையிலிருந்து பாருங்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட ஆரம்பித்தது. ஆடும் வேகத்திலேயே ஓட்டுவாள், ஓட்டுவாள், ஒரு கட்டத்தில் ஆட்டம் அடங்கும். ஒரு சிட்டிகை கூட்டுவாள், மறுபடி ஆடும், மறுபடி அடக்குவாள். ஆரம்பத்தில் வாணலியில் கிளறுகிற மாதிரி ஸ்டியரிங்கைத் திருப்பியவள், போகப் போகக் கை அசைகிறதா இல்லையா என்றே தெரியாதபடி ஓட்டினாள். அதற்கிடையிலும் நொடிக்கு நொடி ஓரக்கண்ணால் என் இடது தோளைப் பார்த்துக்கொள்வாள். அப்பா பயப்படுகிறாரோ, பெல்ட் சரியாக இருக்கிறதோ என்று. அத்தனை வேகத்திலும் எவ்வளவு பாசம்! வீட்டிலும் விடுவதில்லை. சாப்பாட்டு மேசையில் காலித் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். நான் பக்கத்து நாற்காலியில் இடதும் வலதுமாகச் சாய்ந்து காட்டுவேன், அவள் தட்டை நூலளவு திருப்புவாள். உங்கள் அக்கா குழம்புச் சட்டியோடு வந்து நின்று, "ரெண்டு பேரும் கரைக்கு வந்தீங்கன்னா சாப்பாடு போடறேன்" என்பாள்.

நேற்று தேர்வு. காலையிலேயே துறையில் கூட்டம். கவுண்டரில் அவளோடு வேலை பார்க்கிறவர்கள் கண்ணாடியை மூடிவிட்டு வந்து நின்றார்கள். நான் வழக்கம்போல் இடது இருக்கையில் போய் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். டாக்டரம்மா பெட்டியோடு வந்து, "இது என் சீட்" என்றார். நான் எடைக்கு என்றேன். "எனக்கே எடை இருக்கு" என்றார். பின்பலகையிலாவது படுத்துக்கொள்கிறேனே என்றேன். தேர்வில் மூன்றாவது ஆள் கிடையாதாம். என் பெண் குனிந்து என் பெல்ட்டை அவளே அவிழ்த்துவிட்டு, காதருகே, "அப்பா, கரையிலேர்ந்து பாருங்க. உங்களுக்கு நல்லாத் தெரியும்" என்றாள். இறங்கிவிட்டேன். அத்தனை வருஷத்தில் என்னை இறக்கிவிட்டு வண்டி போனது அதுதான் முதல் தடவை.

மரத்துறையின் நுனியில் போய் நின்றேன். பக்கத்தில் உங்கள் அக்கா. படகு மெதுவாக விலகி, திரும்பி, ஒரு உறுமலில் எழுந்தது. மூக்கு தூக்கியது, தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது, அப்புறம் படகே இல்லை, வெள்ளையாக ஒரு கோடு மட்டும். எனக்குத் தெரியும், இந்த வேகத்தில்தான் ஆட்டம் வரும். பக்கத்தில் டாக்டரம்மாதான், சாய்ந்து கொடுக்க ஆளில்லை. கரையில் நின்றால் என்ன, அப்பன் அப்பன்தானே? வலது பக்கம் சாயப் போகிறது என்று பட்டதும் நான் இங்கிருந்தே இடது பக்கம் சாய்ந்தேன். இடது என்றதும் வலது. "என்னங்க பண்றீங்க?" என்றாள் உங்கள் அக்கா. "பேசாதே, ஓட்டிட்டிருக்கேன்" என்றேன். படகு கோடு கிழித்த மாதிரி நேராகப் போகிறது! சிவப்பு மிதவையைச் சுற்றித் திரும்பும்போது பெரிய வளைவு. விட முடியுமா? முழு உடம்பையும் கொடுத்துச் சாய்ந்தேன். உங்கள் அக்கா பாய்ந்து என் சட்டைக் காலரைப் பிடித்தாள். காலர் அவள் கையிலேயே இருந்தது, நான் தண்ணீரில் இருந்தேன்.

ஆழமில்லை, மார்பளவுதான். அதனால் என் பெண் திரும்பி வந்ததை நான் தண்ணீர் மட்டத்திலிருந்தே பார்த்தேன். யோவ் மாப்பிள்ளை, நீ பார்த்திருக்கணும்யா! அந்த வேகத்துல, அந்தப் பிசாசு எஞ்சினை வெச்சுக்கிட்டு, ஒரு அசைவு இல்லை, ஒரு நடுக்கம் இல்லை, மேசைமேல தட்டை நகர்த்தின மாதிரி வந்தாள். கை ஸ்டியரிங்மேல இருக்குதா, சும்மா வெச்சிருக்காளான்னே தெரியலை. முகத்துல ஒரு நிதானம் இருந்துது பாரு, அது என் முகமும் இல்லை, உங்க அக்கா முகமும் இல்லை, சத்தியமாக உன் முகமும் இல்லை. அது அவளுடைய முகம். கைதட்டப் போய் ஒரு வாய் ஏரித் தண்ணீரைக் குடித்துவிட்டேன். (ஆவேசத்தில் தங்களை 'நீ' என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தினால் தாள் அசிங்கமாகும், பொறுத்துக்கொள்ளவும்.)

டாக்டரம்மா இறங்கினார். கையில் ஊசி, மருந்து கோட்டில் நூல் பிசகாமல் நிற்கிறது. நங்கூரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார். டாக்டரம்மா, "நடுவுல எனக்குக் கொட்டாவி வந்துடுச்சு" என்றார். துறையே கைதட்டியது. அப்புறம் தண்ணீரில் நிற்கிற என்னைப் பார்த்து, "நெறைச்ச ஊசி வீணாகப் போகுது, இவருக்குப் போட்டுடவா?" என்று கேட்டார். என் பெண் ஓடிவந்து தண்ணீரில் இறங்கி, நனைவதையும் பாராமல் என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஆகவே மைத்துனர் அவர்களே, கண்டக்டர் பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் முதல் இந்த ஏரியில் மிக வேகமாகவும் மிக நிதானமாகவும் வண்டி ஓட்டுகிறவர் நம் குடும்பத்தைச் சேர்ந்தவர், அது தாங்கள் அல்ல. அவளுக்கு இந்த வித்தையை ஊட்டியது யார் என்று நான் என் வாயால் சொல்லக்கூடாது. இடது இருக்கையில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிராட்டம் கொடுத்து, தேர்வன்று கரையிலிருந்தபடியே படகை நேர் நிறுத்தியவன் யார் என்று தாங்களே யோசித்துக்கொள்ளலாம். தாங்கள் அன்று சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்று, அதே சாப்பாட்டு மேசையில், கை கழுவிய பிறகு, என் பெண்ணிடம் இரண்டு நல்ல வார்த்தை சொன்னால் பேச்சுவார்த்தையை மீண்டும் தொடங்குவது பற்றி ஆலோசிப்பேன்.

தங்கள் முழங்காலுக்கு உங்கள் அக்கா ஏதோ தைலம் அனுப்பியிருக்கிறாள், சுடவைத்துத் தேய்க்கவும். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல், ஏறின வண்டி எதிலும் உட்கார இடம் கிடைத்து, இறங்க வேண்டிய இடத்தில் பத்திரமாக இறங்கி நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்களோடு பேசாத அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது என் பெண் வாங்கிப் படித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, கோவிச்சுக்காதீங்க, படகு ஆடினதே நீங்க சாஞ்சதாலதான்" என்றாள். அழுத அன்றைக்கே அவளுக்கு உறைத்துவிட்டதாம். உடனே தங்களுக்குப் போன் செய்து கேட்டாளாம். தாங்கள், "உங்கப்பன் உடம்பு சும்மா இருக்காது. வளைவுக்கு முன்னாடியே இடது தோள் எறங்கும். நான் அத்தனை வருஷமும் கண்ணாடியில அந்தத் தோளைப் பார்த்துத்தான் வண்டியை அணைச்சு ஓட்டினேன். நீயும் தோளைப் பாரு" என்றீர்களாம். ஆக, ஓரக்கண் பாசம் என்று மேலே எழுதியதை அடித்துவிடவும். எதிராட்டம் கொடுத்து நிறுத்தினேன் என்பதையும் அடித்துவிடவும். கரையிலிருந்து ஓட்டியதையும்.

"அப்போ அன்னிக்கே என்னை எறக்கிவிட்டுட்டு மூட்டையை ஏத்தியிருக்கலாமே?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "மூட்டை ஆடாதுப்பா. டாக்டரம்மாவும் ஆட மாட்டாங்க. ஆனா பின்னாடி பலகையில படுத்திருக்கிறவங்க வலியில புரளுவாங்க, பயத்துல துடிப்பாங்க. அவங்களை வெச்சுக்கிட்டு நேரா ஓட்டத் தெரியணுமில்ல? அதுக்குப் பழகிக்க உங்களை விட்டா எனக்கு யாருப்பா இருக்காங்க?"

இதற்கு மேல் ஒரு தகப்பன் என்ன பெருமைப்பட இருக்கிறது? நங்கூரமும் ஆள் அனுப்பியிருக்கிறார். அடுத்து பயிற்சிக்கு வருகிற இரண்டு பேருக்கும் இடது இருக்கையில் நான்தான் உட்கார வேண்டுமாம், மூட்டை போதாதாம். காக்கிச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன், காலர் தைத்த பிறகு. விசிலை மட்டும் தர மாட்டேன் என்றுவிட்டார். பேசுவதில்லை என்று எழுதியதையும் அடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வா, மாப்பிள்ளை. பின்பலகையில் நீ முழங்காலை நீட்டிப் படுத்துக்கொள். ஓட்டுவது அவள், ஆட்டுவது நான். பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது.